கண்மாய்த் தண்ணீரை அளந்து பயிரை முடிவு செய்யுங்கள்

(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



வல்லத்திராக்கோட்டை, திருவரங்குளம், ஆலங்குடி பக்கம் மார்கழி மாசத்தில் நாலு பேர் கூடுகிற டீக்கடையில் என்ன பேச்சு நடக்கும்? "கண்மாய் எவ்வளவு ஏறியிருக்கு? அறுப்பு முடிஞ்சதும் இன்னொரு போகம் போடலாமா?" இந்தப் பேச்சுதான் நடக்கும். "முக்காக் கண்மாய் கிடக்குதப்பா, தாராளமாப் போடலாம்" என்று ஒருத்தர் சொல்வார். அதை நம்பி ஆயக்கட்டு முழுக்க நாற்றை நட்டு விடுகிறோம்.

அப்புறம் என்ன ஆகிறது? மாசி பாதியில் மடையில் வேகம் குறைகிறது. பங்குனியில் கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்துத் தண்ணீர் நின்று போகிறது. உள்வாய்ப் பள்ளத்தில் கிடக்கிற தண்ணீரை என்ஜின் வைத்து இறைக்கிறோம். போர் வைத்திருப்பவரிடம் மணிக்கணக்குப் பேசித் தண்ணீர் வாங்குகிறோம். அப்படியும் கடைமடைக்காரர் வயல் காய்ந்து, கடைசியில் மாட்டை அவிழ்த்து விட வேண்டியதாகிறது. உழவு, விதை, நடவுக் கூலி, உரம் என்று எல்லாச் செலவும் செய்து முடித்த பிறகு, இரண்டு தண்ணீர் இல்லாமல் போகிற நஷ்டம் இது. வாங்கின கடன் அப்படியே நிற்கும்.

மழை குறைந்ததால் வந்த நஷ்டம் என்று சொல்லி விடுகிறோம். பாதி உண்மைதான். மறு பாதி, இருக்கிற தண்ணீர் எவ்வளவு என்று அளக்காமல் நட்டதால் வந்தது. வரப்போகிற தண்ணீரை முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பனியை நிறுத்துப் பார்க்கிறார்கள்

முதலில், மழையே அதிகம் இல்லாத சில ஊர்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நம் நாட்டிலேயே வடகோடியில் லடாக் இருக்கிறது. லே நகரில் வருஷம் முழுவதும் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். ஐப்பசியில் நமக்கு ஒரே ராத்திரியில் அவ்வளவு பெய்கிற நாளும் உண்டு. ஆனாலும் அங்கே வாற்கோதுமை விளைகிறது. எப்படி? குளிர்காலத்தில் மலை மேல் விழுந்து உறைந்து கிடக்கிற பனி, வெயில் ஏற ஏற உருகி, ஓடையாக இறங்கி வருகிறது. நான் சொல்வது நம்ம மார்கழிப் பனி இல்லை. ஆள் உயரத்துக்குக் கட்டிக் கிடக்கிற வெண்பனி. ராத்திரி வருகிற தண்ணீரை 'ஸிங்' என்கிற சின்னக் குளங்களில் தேக்கி, பகலில் திறந்து விடுகிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட 'சுர்பொன்' என்று ஒரு ஆளை ஊரே நியமித்து வைத்திருக்கிறது. நம்ம ஊரில் மடை பார்க்கிறவர் செய்கிற அதே வேலை.

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு வறண்ட மாநிலம். அங்கேயும் கோடையில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி மலைப் பனி உருகி வருவதுதான். சுமார் 120 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஜேம்ஸ் சர்ச் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவர் என்ஜினீயர் அல்ல; கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக் கொடுத்தவர். ரோஸ் மலை மேல் ஏறி, பனிக்குள் ஒரு நீளக் குழாயைக் குத்தி எடுத்து, குழாயோடு பனியை நிறுத்துப் பார்த்தார். எடையைப் பார்த்தால் அந்தப் பனி உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

ஏன் நிறுக்க வேண்டும், உயரத்தை மட்டும் அளந்தால் போதாதா? போதாது. புதுசாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலம் இருந்தாலும் உருகினால் ஏறக்குறைய ஒரு அங்குலத் தண்ணீர்தான். பழைய பனி இறுகிப் போயிருக்கும். மூன்று அங்குலத்திலேயே ஒரு அங்குலத் தண்ணீர் கிடைத்துவிடும். உயரம் ஒன்றாக இருக்கும், தண்ணீர் வேறாக இருக்கும். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கண்மாய்க்கும் இது பொருந்தும்.

சர்ச் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிசு. வருஷா வருஷம் அதே இடத்தில் அளந்தார். சராசரி வருஷத்தை 100 என்று வைத்தார். இந்த வருஷப் பனித் தண்ணீர் 70 என்றால், கோடையில் ஆற்றில் வருவதும் ஏறக்குறைய 70 பங்குதான் என்று முன்கூட்டியே சொன்னார். அந்த வழியைத்தான் பிறகு பல நாடுகளில் எடுத்துக் கொண்டார்கள். விதைப்பதற்கு முன்பே விவசாயிக்குத் தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

நமக்குக் கண்மாய்தான் பனிமலை

"எங்க ஊரில் பனிமலை ஏது சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கண்மாய்தான் நம்ம பனிமலை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாசத்தில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. கண்மாயை நிரப்புவது பெரும்பாலும் இந்த மழைதான். தை பிறந்த பிறகு கோடை மழை வருகிற வரைக்கும் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பனிநாட்டில் குளிர்காலம் முடிந்ததும் மலையைப் பார்த்தால் அந்த வருஷக் கணக்குத் தெரிகிற மாதிரி, நமக்குப் பொங்கலன்று கண்மாயைப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். வரவு முடிந்தது, இனிமேல் செலவுதான்.

கல்லணைக் கால்வாய் பாய்கிற அறந்தாங்கி, நாகுடிப் பக்கத்து விவசாயிகளுக்கு மேட்டூர் அணைதான் கண்மாய். 120 அடி அணையில் எவ்வளவு கிடக்கிறது, எவ்வளவு வரும் என்று பார்த்துத்தான் ஜூன் 12-ல் திறக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். 2022-ல் தண்ணீர் இருந்தது. மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் போதவில்லை; ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. அரசாங்கமே அணையை அளந்து பார்த்துத்தான் திறக்கிறது. நாம் மட்டும் கண்மாயைக் கண்ணால் பார்த்து நட்டு விடுகிறோம்.

மழை முன்னறிவிப்பு எவ்வளவு தூரம் உதவும்?

மழையை முன்கூட்டியே சொல்வதிலும் பனிதான் முதலில் உதவியது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் ஏற்பட்டது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் வந்தது. துறையின் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி அதிகமாகத் தங்கினால் அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை குறைகிறது என்று கவனித்தார். அதை வைத்து 1886 ஜூன் 4-ம் தேதி முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பு வந்தது. அவருக்குப் பின் வந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடல் பக்கத்துக் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதற்கும் நம் நாட்டு மழைக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார்.

அந்தக் காற்றழுத்தக் கணக்கையும் கடலின் வெப்பத்தையும் பார்த்துத்தான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், பருவம் தொடங்குமுன் மாவட்ட வாரியாக எவ்வளவு மழை எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறது. அதைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். "60 சதம் வாய்ப்பு" என்றால், இதே நிலைமை பத்து வருஷம் வந்தால் ஆறு வருஷம் அவ்வளவு பெய்யும், நாலு வருஷம் பெய்யாது என்று அர்த்தம். இந்த வருஷம் அந்த ஆறில் ஒன்றா, நாலில் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது.

பசிபிக் கடல் சூடாகிற வருஷத்தை எல் நினோ என்கிறார்கள். அப்போது நம்ம வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடும். கடல் குளிர்கிற லா நினா வருஷத்தில் பெரும்பாலும் குறையும். ஆனால் 2021 லா நினா வருஷம். அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்கு மழை சராசரியைவிட 59 சதம் அதிகம் பெய்தது. 2016-ல் என்ன ஆச்சு? சராசரியில் 62 சதம் குறைந்துவிட்டது. நூறு ரூபாய் வரவேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு ரூபாய்தான் வந்தது. ஐந்து வருஷத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம்.

ஆகையினால் பஞ்சாங்கம் வாசிக்கட்டும், வானிலை அறிக்கையும் கேட்போம். எந்த ரகம், எப்போது விதைப்பு என்று தயார் செய்து கொள்ள அது உதவும். ஆனால் எத்தனை ஏக்கர் என்கிற முடிவைக் கண்மாயைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்று தேதிகள்

வருஷத்தில் மூன்று தடவை கணக்குப் பாருங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, கார்த்திகைக் கடைசியில் ஒரு தடவை, பொங்கலுக்கு மறு வாரம் ஒரு தடவை.

புரட்டாசிக் கடைசியில் பார்க்க வேண்டியது, மண் நனைந்திருக்கிறதா, வரத்து வாரி சுத்தமாக இருக்கிறதா என்பது. காய்ந்த செம்மண்ணில் முதல் மழையெல்லாம் மண்ணே குடித்துவிடும், கண்மாய்க்கு வராது. பூமி நனைந்த பிறகு பெய்கிற பெருமழைதான் வாரியில் ஓடும்.

கார்த்திகைக் கடைசியில் மழையை அளந்து பாருங்கள். நேரான சுவருள்ள ஒரு டப்பாவை மரம், கூரை எதுவும் மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது என்று கணக்கு. உங்கள் பகுதிக்குச் சராசரி என்ன என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, சர்ச் செய்த மாதிரி 100-க்கு இவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. மழை 100-க்கு 100 பெய்திருக்கிறது, கண்மாய் மட்டும் 60 பங்குதான் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குற்றம் வானத்தில் இல்லை. வரத்து வாரியில் இருக்கிறது. வாரி தூர்ந்திருக்கும், ஆக்கிரமிப்பு இருக்கும், மேலே தைல மரக் காட்டில் வரப்பு போட்டுத் தண்ணீரை மறித்திருப்பார்கள். கையில் கணக்கு இருந்தால், மனு எழுதும்போது "தண்ணி வரலைங்க" என்று மொட்டையாகச் சொல்லாமல், இவ்வளவு மழைக்கு இவ்வளவுதான் வந்தது என்று எழுதலாம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தது என்றால் ஊராட்சி ஒன்றியம். அங்கே கொடுங்கள்.

கண்மாயை அளப்பது எப்படி?

மூன்றாவது தேதிதான் முக்கியம். பொங்கலுக்கு மறு வாரம் கண்மாயை அளக்க வேண்டும். இரண்டு அளவு போதும்.

ஒன்று, ஆழம். தண்ணீர் வெளியே போகிற மடைவாய்க் கல்லிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பது மாட்டுக்கும் மீனுக்கும்; பாசனக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மடைத் தூணிலோ, பழைய குமிழித் தூணிலோ அடிக்கணக்குக் குறி போட்டு வைத்துவிட்டால் வருஷா வருஷம் சுலபம்.

இரண்டு, பரப்பு. தண்ணீர் எத்தனை ஏக்கரில் நிற்கிறது? இப்போது செல்போனிலேயே நிலம் அளக்கிற வசதி வந்துவிட்டது. படித்த பிள்ளை ஒருவர் போனைக் கையில் பிடித்துத் தண்ணீர் விளிம்பைச் சுற்றி நடந்து வந்தால் பரப்பைக் காட்டிவிடும்.

இனி கணக்கு. கண்மாய் தட்டையான தொட்டி அல்ல. சோற்றுச் சட்டி மாதிரி குழிந்தது. ஆகவே பரப்பை ஆழத்தால் பெருக்கி, வருவதில் பத்துக்கு நாலு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, தண்ணீர் 60 ஏக்கரில் நிற்கிறது, ஆழம் 6 அடி. 60-ஐ 6-ஆல் பெருக்கினால் 360. அதில் பத்துக்கு நாலு என்றால் 144. இது 144 ஏக்கர் அடி. ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி. லிட்டரில் சொன்னால் பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு துல்லியமானது இல்லை. கொஞ்சம் குறைவாகவே காட்டும். அது நமக்கு நல்லதுதான்.

இந்த 144-ம் வயலுக்கு வராது. தை, மாசியில் வெயிலில் ஆவியாகிப் போவதே மாசத்துக்கு ஏறக்குறைய அரை அடி. பங்குனியில் இன்னும் கூடும். தரையில் ஊறிப் போவதும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 48 கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 96. மண் வாய்க்காலில் போகிற வழியில் கால் பங்கு போய்விடும், அது 24. கடைசியில் வயலில் வந்து சேர்வது 72 ஏக்கர் அடி. முதலில் கண்ணால் பார்த்ததில் சரி பாதி.

இந்த 72-ஐ வைத்து என்ன பயிர் செய்யலாம்? குறுகிய கால நெல்லுக்கு ஏறக்குறைய 4 அடித் தண்ணீர் வேண்டும். 72-ஐ 4-ஆல் வகுத்தால் 18 ஏக்கர்தான் கரை சேரும். நிலக்கடலைக்கு ஒன்றே முக்கால் அடி. 41 ஏக்கர் வரை போடலாம். உளுந்துக்கு ஒரு அடி போதும். 72 ஏக்கர் விளையும். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒருவர் ஒரு ஏக்கர் நெல் நட்டால் நாலு பேரின் ஏக்கர் உளுந்துத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறார்.

இந்தக் கண்மாயின் ஆயக்கட்டு 120 ஏக்கர் என்று வையுங்கள். 120-லும் நெல் நட்டால் தண்ணீர் தலைமடையைத் தாண்டுவதே கஷ்டம். பெரும்பாலான வயல் காயும். 60 ஏக்கர் உளுந்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு 3 ஏக்கர் நெல் என்று வைத்தால் 72-க்குள் அடங்கும். மீதி நிலத்தைக் கோடை உழவு போட்டு வைக்கலாம். உளுந்து விதைக்காகத் தூரம் போகவும் வேண்டாம். தேசிய பயறு ஆராய்ச்சி மையம் பக்கத்து வம்பனிலேயே இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 எல்லாம் அங்கே வந்த ரகங்கள். எழுபது நாள் சுமாருக்கு அறுப்புக்கு வந்துவிடும். கண்மாய் வற்றுவதற்கு முன் களத்துக்கு வந்துவிடுகிற பயிர் அது.

வண்டலை மறக்காதீர்கள்

பனியில் உயரம் மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம் என்று சொன்னேன் அல்லவா? கண்மாயிலும் அப்படித்தான். "எங்க அப்பா காலத்தில் அந்தக் கல் முங்கினா ரெண்டு போகம் நிச்சயம்" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காலத்துக்குப் பிறகு எத்தனை வருஷ வண்டல் உள்ளே இறங்கியிருக்கிறது? கல் அதே இடத்தில் இருக்கிறது. அடித்தரை மேலே ஏறிவிட்டது. கல் முங்கினாலும் பழைய தண்ணீர் இல்லை. ஆகவே கோடையில் கண்மாய் காய்ந்திருக்கும்போது, நாலைந்து இடத்தில் அடித்தரை மடைவாய்க் கல்லுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அனுமதி வாங்கி வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தால் நிலத்துக்கும் நல்லது, கண்மாய்க்கும் நல்லது.

"என்கிட்ட போர் இருக்கு, எனக்கு எதுக்கு இந்தக் கணக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பக்கத்துக் கிணறும் போரும் ஊறும். கண்மாய்க் கணக்கு குறைகிற வருஷம் போர் கணக்கும் குறையும். அதையே நம்பி நெல் நட வேண்டாம்.

ஊர் கூடி முடிவு செய்யுங்கள்

இந்தக் கணக்கை ஒருவர் மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை. நான் உளுந்து போட்டு, பக்கத்து வயல்காரர் நெல் நட்டால் சண்டைதான் வரும். ஆகவே பொங்கல் கழிந்த வாரம் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கூடுங்கள். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும், சொந்த நிலக்காரரும் குத்தகைக்காரரும் வரட்டும். பெண்களையும் கூப்பிடுங்கள், களை எடுப்பதும் நகையை அடகு வைப்பதும் அவர்கள்தானே. எல்லார் முன்னாலும் கண்மாயை அளந்து, கணக்கைச் சத்தமாகப் படித்து, யார் எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த நாள் முறை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைமடை முதலில் பாயட்டும் என்று முறை வைத்தால் சண்டை பாதி குறையும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மழை அளவு, கண்மாய் அளவு, எத்தனை ஏக்கர் நட்டோம், எந்தத் தேதியில் மடை வற்றியது என்று வருஷா வருஷம் எழுதி வாருங்கள். முதல் வருஷம் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஐந்து வருஷம் எழுதிவிட்டால் உங்கள் கண்மாய்க்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு, கால் பங்கு என்பதைத் திருத்திக் கொள்ளலாம்.

வருகிற தை மாசம் நாற்றங்காலுக்கு விதை ஊறப் போடுவதற்கு முன்னால், கரைக்குப் போய் அளந்து பார்த்துவிடுங்கள்.